அக்கா செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை

“ஆடி மூன்றாம் வெள்ளி. திரும்பி வந்த செட்டைத் திறந்தேன். இனி வேறு வேலை தேடப் போவதில்லை. தம்பியிடம் சொல்ல வேண்டும்.”

அக்காவின் கைப்பையில் இருந்த நோட்டின் வரிகள் இவை. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, இந்த நினைவு மலரை வாசிக்கும் உறவினர்களிடம் ஒரு பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அக்கா செல்போன் கம்பெனியில் இருப்பதாக உங்களிடம் சொன்னவன் நான். அது பொய்.

பிள்ளைப்பாக்கத்தில் பிறந்தவர். அப்பா தவறியபின் டியூஷன் எடுத்துத் தானும் படித்து, என்னையும் படிக்க வைத்தார். மின்னணுப் பொறியியல் முடித்ததும், ஒரகடத்தில் ராணுவ ரேடியோ செட்டுகளுக்கு சர்க்யூட் போர்டு செய்யும் சிறிய நிறுவனத்தில் சேர்ந்தார். போர்டைச் சோதித்துத் தாளில் கையெழுத்திடுவது அவர் வேலை. உள்ளே நடப்பதை வெளியே பேசக் கூடாது. முதல் சில மாதங்கள் அவருக்கே மனம் ஒட்டவில்லை. சென்னையில் சாஃப்ட்வேர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளியன்று நடந்ததை, உடன் வேலை செய்த தோழி பின்னர் சொன்னார். எல்லையிலிருந்து பழுதான செட் ஒன்று வந்தது. “கூப்பிட்டோம், அழைப்பு போகவில்லை” என்று இந்தியில் எழுதிய சீட்டு அதில் கட்டியிருந்தது. உள்ளே ஒரு பற்றவைப்பில் மயிரிழை விரிசல். பழைய சோதனைத் தாளை எடுத்தால், அக்காவின் கையெழுத்து. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு போர்டையும் லென்ஸ் வைத்து இரண்டு முறை பார்த்தார். “போர்டு பாக்குறியா, ஜாதகம் பாக்குறியா?” என்று தோழிகள் கேலி செய்வார்களாம்.

இதெல்லாம் தெரியாமல்தான், அடுத்த தை மாதம் மண்ணூர் மாமா வீட்டுக் காதுகுத்தில் அந்தப் பொய்யைச் சொன்னேன். மாமா நேராக அக்காவிடம் போனார்.

“இன்னாம்மா, செல்போன் கம்பெனிலயா கீற? மாமாவுக்கு கம்மி ரேட்ல ஒண்ணு வாங்கிக் குடேன்.”

“லிஸ்ட்ல எழுதிக்கிறேன் மாமா. முன்னாடி பத்து பேரு கீறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டார்: “ஏன்டா அப்டி சொன்ன?”

“பின்ன இன்னா சொல்றது? கேட்டா நீயே வாயத் தொறக்க மாட்ற.”

“மிலிட்டரி வேலைனு மட்டும் சொல்லிக்கலாம்ல? அதுல ரகசியம் ஒண்ணும் இல்லடா.”

அதன்பிறகும் நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் ஆறே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ரத்தம் கொடுக்க ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்து நின்ற தோழிகளுக்கும், அக்காவை வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மண்ணூர் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமா, அக்கா செய்தது செல்போன் அல்ல.

நான் பள்ளி நாளிலிருந்து தினமும் டைரி எழுதுபவன். அந்த ஆடி வெள்ளிக்கான பக்கத்தைத் தேடி எடுத்தேன். “மாலை நல்ல மழை. கரண்ட் இல்லை. அக்கா நனைந்து வந்தார். ஏதோ பேசிக்கொண்டிருந்தார்” என்று இருக்கிறது. நோட்டில் எழுதியதைத்தான் அன்று அவர் என்னிடம் சொன்னாரா என்பது, இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.