அத்தையின் மூளைப் பவளம்

மூளை எனக்குக் கொஞ்சம் குறைவு என்பதில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அத்தையின் கண்ணாடித் தொட்டியில் இருந்த மூளைப் பவளத்தின்மேல் எனக்கு அப்படியொரு பாசம்.

மாமா இறந்தபின் அத்தை நாமக்கல்லை அடுத்த எங்கள் கோழிப்பண்ணை வீட்டுக்கு வந்தபோது, கட்டில் பீரோவையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் தொட்டியை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடல் இல்லாத ஊரில் உப்பைக் கரைத்துக் கடல் செய்தார். மாமா வளர்த்த மற்ற உயிர்கள் ஒவ்வொன்றாகப் போய், மிஞ்சியது இது ஒன்றுதான். உள்ளங்கையளவில், பச்சையும் சிவப்புமாக, மடிப்பு மடிப்பாக மணல்மேல் உட்கார்ந்திருக்கும்.

பார்க்க வருகிறவர்கள், "பிளாஸ்டிக்குங்களா?" என்பார்கள்.

"உசுருங்க" என்பார் அத்தை. இதைப்போலவே இருக்கும் இன்னொரு சாதி பாறையில் ஒட்டி வளரும். இது அடி கூம்பி, மணலில் தனியாக இருக்கும். பாறைமேல் வைத்தால் சதை கிழிந்துவிடும் என்று மாமா சொன்னதை அப்படியே ஒப்பிப்பார். சாயங்காலம் தொட்டி விளக்கை அணைத்ததும் அதன் ஓரத்தில் மெல்லிய விரல்கள் நீளும். இடுக்கியால் ஒரு இறால் துணுக்கை வைத்துவிட்டு, அது வாய்க்குள் போகும்வரை அத்தை நகரமாட்டார்.

ஒருநாள் தண்ணீரைச் சோதித்துவிட்டு, "கால்சியம் கொறஞ்சு போச்சாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தார். நானோ பண்ணைவீட்டுப் பிள்ளை. முட்டை ஓடு மெலிந்தால் அப்பா கோழித் தண்ணீரில் கால்சியம் டானிக் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அத்தை குளிக்கப் போன நேரத்தில் டானிக் கேனைத் தூக்கிவந்து ஐந்து மூடி ஊற்றினேன். ஒரு கொட்டகைக்கே போதுமான மருத்துவம்.

தண்ணீர் பாலாய் வெளுத்தது. பவளம் சுருங்கி, உள்ளிருந்த சுண்ணாம்பு எலும்போடு ஒட்டிக்கொண்டது.

குளித்துவிட்டு வந்து என் கையில் கேனைப் பார்த்த அத்தை திட்டவில்லை. மண்டியிட்டு என் தோளைப் பிடித்தார். "எத்தன மூடி ஊத்துன சாமி?"

எனக்கு அப்பாவின் பெல்ட் நினைவுக்கு வந்தது. "அர மூடிங்க, அத்தை."

"நெசமாலுமா? சரியாச் சொல்லு சாமி. அதுக்குத் தக்கனதான் தண்ணி மாத்தோணும்."

"அரைக்கும் கொஞ்சம் கம்மிங்க." பொய்யிலும் தள்ளுபடி கொடுத்தேன்.

"அப்பப் பொழச்சுக்கும்" என்று மூச்சுவிட்டார். ஒரேயடியாகத் தண்ணீரை மாற்றினாலும் அதற்கு ஆகாதாம். கால்வாசி மட்டும் மாற்றினார்.

மறுநாளும் அது விரியவில்லை. நாலாம் நாள் ஓரத்துச் சதை உரிந்து எலும்பு தெரிந்தது. வாரம் முடியுமுன் முழுதும் வெள்ளையாகிவிட்டது.

அப்பா பெல்ட்டைத் தேடினார். அத்தைதான் குறுக்கே வந்து நின்றார். "அவன எதுக்குங்ணா அடிக்கறீங்க? அர மூடிக்குச் சாவற உசுரா அது? அவரு இத்தன வருசம் வெச்சிருந்தாரு. எனக்குத்தான் வெச்சுக்கத் தெரியல."

அன்றே தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். அதன்பின் எதையும் வளர்க்கவில்லை. ஒரு ரோஜாச் செடியைக்கூட.

தப்பித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அன்று இரண்டு ஆம்லெட் சாப்பிட்டேன். மீதி நாலரை மூடியை யார் தலையில் ஊற்றியிருக்கிறேன் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.