ஆபீஸ் வேலைக்கு வாங்கிய கண்ணாடி

தீனா என்ற பெயரை ராஜாத்தி முதலில் கேட்டது அத்தை முத்தம்மாவின் வாயிலிருந்துதான். அப்பாவுக்கு மூத்த அக்காள் அவள். வியாசர்பாடியில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்ததே. "பையன் தங்கம்டி. பேரு தீனா. கண்ணாடி போட்டா கடல்ல போற கப்பல் தெரியும், கழட்டினா கட்னவளே தெரியாது" என்று சொல்லி அவளே சிரித்தாள்.

கட்டிக்கொண்ட பிறகுதான் அந்தச் சிரிப்பு உறைத்தது. காசிமேட்டில் கரையேற்றிய இரும்புப் படகுகளில் சுத்தியால் துருத் தட்டுவது தீனாவின் வேலை. குனிந்து தட்டும்போது தடித்த பிளாஸ்டிக் கண்ணாடி நழுவாமலிருக்க, வலைக் கயிற்றால் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பான். அப்படியே வீட்டுக்கும் வருவான்.

"சோடாபுட்டியக் கயிறு போட்டுக் கட்டிக்கினு வர்றாரு பாருமே உன் வூட்டுக்காரரு. இன்னா, ஓடிப்பூடுமா அது?" என்பாள் குழாயடியில் கெங்கம்மா. ராஜாத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். பாதிதான் நிறைந்திருக்கும்.

தம்பி பகலவனுக்குத் தை மாதம் கல்யாணம். தீனாவுக்குப் பவரும் ஏறியிருந்தது. வீடியோவில் சோடாபுட்டி விழக் கூடாதென்று வண்ணாரப்பேட்டைக்கு அவனை இழுத்துப் போனாள். கடைக்கார அப்துல் வஹாப் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இன்னா வேலை?" என்று கேட்டார்.

பக்கத்தில் பட்டுப்புடவைக்காரிகள் இருவர் நின்றார்கள். தீனா வாய் திறப்பதற்குள், "ஆபீஸ் வேலை பாய்" என்றாள் ராஜாத்தி.

"அப்போ இந்த மெல்லிசுக் கண்ணாடி எடுத்துக்கோம்மா. இம்மாம் பவருக்கும் ஓரம் தடிக்காது. கொஞ்சம் கனக்கும், அவ்ளோதான். சுத்தி புடிக்கிறவருக்கு இத்தத் தரமாட்டேன், அடிபட்டா சில்லு சில்லாப் பூடும். அவங்களுக்கு உடையாத பிளாஸ்டிக்தான். ஆனா அது தடியாத் தெரியும்."

மாற்றிச் சொல்ல அப்போதும் வழியிருந்தது. தீனா அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

கல்யாணத்தில் எல்லோரும் "மாமா ஹீரோ மாரி கீறாரு" என்றார்கள். பழைய கண்ணாடியில் துரு எது, இரும்பு எது என்று தெரியாமல் போகவே, தீனா வேலைக்கும் புதியதையே கட்டிக்கொண்டு போனான். சித்திரையில், மீன்பிடித் தடைக்காலத்தில், துருக்கட்டி ஒன்று தெறித்து இடது கண்ணாடியில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி என்று கேட்டார். "ஆபீஸ்ல சார்... ஜன்னல் கதவு பட்டுச்சு" என்றான் தீனா, ரத்தம் நனைந்த துண்டைப் பிடித்தபடி.

ராஜாத்தி முன்னால் வந்தாள். "இல்ல சார். படகுல துருத் தட்டுறாரு. கண்ணாடிக் கடையில நான்தான் ஆபீஸ்னு சொன்னேன்" என்றாள்.

டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். "வுடுமே" என்றான் தீனா.

வருஷங்கள் ஓடிவிட்டன. தீனா இப்போது ராஜாத்தியோடு எண்ணூரில், கட்டிக்கொடுத்த மகள் ஷாலு வீட்டில் இருக்கிறான். ஐஸ் கம்பெனி வாசலில் காவல் வேலை. இடது கண்ணில் பார்வை இல்லை.