அவித்த கம்பளிச் சட்டை

நடந்தவை:
1. பெரியம்மையின் ஒரே மகன் மணியண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து காஷ்மீருக்குப் போனான்.
2. பனிமலையில் நடந்த சண்டையில் இறந்தான். வயது இருபது.
3. உடல் வரவில்லை. தகரப்பெட்டி வந்தது. அதற்குள் அவன் முகாமில் கழற்றி வைத்துவிட்டுப் போன கம்பளிச் சட்டை மட்டும் இருந்தது.

இன்று ஆஸ்பத்திரியில் நனைந்த கம்பளி ஒன்றை உதறியபோது எழுந்த வாடை, எட்டு வருஷம் முந்திய எங்கள் சுசீந்திரம் முற்றத்தில் என்னை நிறுத்தியது.

எங்கள் வீடுகளில் செத்தவர் துணியை அவித்த பிறகே உள்ளே எடுப்போம். கம்பளியோ நாங்கள் யாரும் தொட்டறியாதது. பெரியம்மை நெல் அவிக்கும் அண்டாவில் சவுக்காரம் கரைத்து அந்தச் சட்டையைப் போட்டாள். வெகுநேரம் கழித்துக் கம்பால் தூக்கினாள். பட்டாளத்துக்காரன் சட்டை ஐந்து வயதுப் பையன் சட்டையாகியிருந்தது.

“யக்கா, கெடுத்துட்டியே,” என்றாள் என் அம்மை. “அவனுக்க உடுப்புன்னு வந்தது இது ஒண்ணுதானே.”

பெரியம்மை சூட்டைப் பொருட்படுத்தாமல் அதை மார்போடு சேர்த்துப் பிடித்து, கை நீளத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“சும்மா இருட்டி. மொதல்ல பள்ளிக்கூடம் போனப்ப பிள்ளை இந்த அளவுதான் இருந்தான். பெரியவனப் பட்டாளம் வச்சுக்கிட்டு, சின்னவன எனக்குத் திருப்பித் தந்திருக்கு.”

சட்டையிலிருந்து அவள் புடவையெல்லாம் நீர் வடிந்தது. அம்மை வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொதிநீரில் கம்பளி சுருங்கும் என்று பின்னால் நர்ஸ் பயிற்சியில் படித்தேன். பெரியம்மையிடம் சொல்லவில்லை. சட்டை அவள் தலைமாட்டில் இருக்கிறது.