தனியாகப் பொங்கியவள்

தார் நெடி அடுப்படி வரை வந்ததும், கதவுகளுக்கு எண் போட ஆள் வந்துவிட்டது தெரிந்து நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய, அறுவடை முடிந்திருந்த ஒரு மாசி மாதம் அது. எங்கள் வீட்டுப் பெண்கள் ‘தலைக்கணக்கு’ என்று சொன்ன மக்கள்தொகைக் கணக்கை எடுக்க ஒரு வாத்தியாரும், தார்ச் சட்டியோடு ஓர் ஆளும் மதுரையை ஒட்டிய எங்கள் ஊரான கோச்சடைக்கு வந்திருந்தார்கள்.

அப்பா இறந்தபின் அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அத்தனை பேருக்கும் வடித்துக் கொட்டுவது அம்மாதான் என்றாலும், பெரியப்பா எதிரே நின்று அவள் பேசி நான் பார்த்ததில்லை. அவரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"தம்பி சம்சாரம், அவ மக. ரெண்டும் நம்ம வீட்டுச் சோறுதான்" என்று எங்களை எழுதவைத்த பெரியப்பா, களத்தோரக் குடிசையில் இருந்த பண்ணையாள் வீரணனையும், அவன் மனைவி பேச்சியையும், பிள்ளைகளையும் காட்டினார். "இவங்களையும் நம்ம வீட்டோட சேர்த்து வேலைக்காரங்கன்னு எழுதிக்கங்க. குடிசைக்கு நம்பரெல்லாம் வேணாம்."

பேச்சி சாணிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள். போன கோடையில் பக்கத்துப் பண்ணையில் ஒரு குடும்பத்தின் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, அங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். அந்தப் பயம் அவளுக்கு.

"எங்க வீட்டுக்கும் நம்பர் போடுங்க ஐயா. நாங்க இங்கனதான் குடியிருக்கோம்னு ஒரு எழுத்து இருக்கட்டும்."

"யாரு மண்ணுல யாரு வீடு?" என்று பெரியப்பா துண்டை உதறினார். வீரணன், "ஏய், பேசாம வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தான், அவள் நகரவில்லை.

வாத்தியார் தயங்கினார். "ஒரே உலையில சாப்பிட்டா ஒரு வீடுங்க. தனியாப் பொங்கினா தனி வீடு. இவங்க எங்க சாப்பிடுறாங்க?"

"இங்கதான்" என்றார் பெரியப்பா.

வாத்தியார் பேனாவைத் தாளில் வைக்கும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இல்லைங்க. நான் வடிக்கிறதுல அவங்களுக்குப் பங்கில்ல. பேச்சி தனியாத்தான் பொங்குறா."

போவதற்கு எங்களுக்கு வேறு வீடு கிடையாது. பெரியப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நிலையைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கடைசியில், "போட்டுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு வயல் பக்கம் போய்விட்டார். குடிசையின் மண்சுவரில் எண் ஏறியது.

அன்று அவர் சாப்பிட வரவில்லை. மறுநாள் அம்மா போட்ட சோற்றைத் தொடாமலே எழுந்தார். அம்மா எங்கள் துணிகளை மூட்டையாகக் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்ததைப் பார்த்து, "எங்கம்மா போறோம்?" என்று கேட்டேன். "போகச் சொன்னாப் போவோம். நீ சும்மா இரு" என்றாள்.

போகச் சொல்லவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் பெரியப்பா முற்றத்தில் நின்று, "மீனாட்சி, விதைநெல்லு எம்புட்டு எடுத்து வைக்கலாம்?" என்று கேட்டார். அவர் வாயால் அம்மாவின் பெயரை அன்றுதான் கேட்டேன். அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்து நின்று பதில் சொன்னாள்.

அந்தக் குடிசையை யாரும் பிரிக்கவில்லை. சில வருஷம் கழித்து வீரணனும் பேச்சியும் மதுரையில் மில் வேலை கிடைத்துத் தாங்களாகவே போனார்கள். இன்று கோச்சடையில் அந்த வயலும் வாய்க்காலும் களமும் போய் மாடி வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் வீடு இருந்த இடம் எது, பேச்சியின் வீடு இருந்த இடம் எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.