ஜாடியைச் சோதித்தேன், கைகளை மறந்தேன்

பீங்கான் தொழில்நுட்பம் படித்துவிட்டு, விருத்தாசலத்தில் ஒரு பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். சத்துணவுக் கூடங்களுக்குப் போகவிருந்த ஊறுகாய் ஜாடிகளில் மூன்றை எடுத்து வினிகர் ஊற்றி, ஒரு நாள் வைத்துச் சோதித்தேன். பளபளப்புப் பூச்சிலிருந்து ஈயம் என்ற நச்சு உலோகம் கரைந்திருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்தேன்.

ஆர்டர் வாங்கித் தந்த கவுன்சிலர் தொழிலாளர்களைக் கூட்டினார். "இந்தப் பொண்ணு பேச்சக் கேட்டா பட்டறைய மூடணும். சம்மதம்னா கையத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"எங்க வயித்துல அடிக்கிறியே, ஆபீசரம்மா!" என்றார் பூச்சுத் தொட்டியில் வேலை செய்யும் செல்வி அக்கா.

மூன்று ஜாடிகளின் முடிவையும் வரிசையாகப் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு நாள் ஊறுனதுக்கே இவ்ளோன்னா, பத்து வருசமா அந்தத் தொட்டியில கைய முக்குறோமே, எங்களுக்கு?"

முகம் தெரியாத பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்ட நான், தினமும் என்னுடன் டீ குடித்தவர்களை நினைக்கவே இல்லை.

"தப்பு என்னோடதுதான், அக்கா" என்றேன்.

"போதும், உக்காரு" என்றார் கவுன்சிலர். நான் உட்காரவில்லை.

அன்றே வேலை போயிற்று. மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்காக அக்காவுடன் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். பின்னாலேயே பட்டறைப் பெண்கள் இன்னும் ஆறு பேர் ஏறினார்கள்.

இப்போது எந்தப் பட்டறைக்குப் போனாலும், முதலில் தொட்டியருகே நிற்பவரிடம்தான் பேசுகிறேன்.