கப்பலுக்குப் பின்னால் கட்டிய வானம்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னக் கப்பல்கள் செய்து படமெடுத்து வைப்பேன். பார்க்க ஆள் கிடையாது.

சென்ற மாதம் ஒரு சரக்குக் கப்பலை முடித்தேன். பின்னால் வானத்துக்காக நீலத் துணி கட்டினேன். துணி ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கதவையும் தாழிட்டேன். வெளிச்சம் போதவில்லை. புத்தி கெட்டுப்போய், பழைய ஹாலஜன் விளக்கைத் துணிக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். வியர்த்துக் கொட்டியது. விளக்கை அணைக்காமலே குளிக்கப் போனேன்.

யாரோ கதவை இடித்தார்கள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம், போங்க!” என்று குளியலறையிலிருந்தே கத்தினேன்.

“நான் ஒண்ணும் விக்க வரலை, மனுஷா! ஜன்னல் இடுக்குல புகை வருது, தொறங்க!”

பக்கத்து வீட்டு அக்கா, சுபைதா இத்தாவின் குரல். ஓடிவந்து திறந்தேன். துணி பாதி எரிந்திருந்தது. நான் பிளக்கைப் பிடுங்கியதும் இத்தா வாளித் தண்ணீரை ஊற்றினார். கப்பலின் முன்பக்கம் உருகி வளைந்து கிடந்தது.

“இதையா செஞ்சிட்டிருந்தீங்க? சொல்லியிருந்தா வந்து பார்த்திருப்பேனே,” என்றார்.

இப்போது அதிகம் சூடாகாத எல்.இ.டி. விளக்கைத்தான், துணியிலிருந்து தள்ளி வைக்கிறேன். அது எரியும்போது அறையை விட்டு நகர்வதில்லை. கதவையும் தாழிடுவதில்லை. இத்தா இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.