அவர் உட்காரும் தூரம்

ஒரு காலையில் செருப்பு காலில் ஏறவில்லை. அதுதான் முதல் அறிகுறி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்காருகிற பெண்களுக்குக் கால் வீங்குவது புதிதல்ல. மகளின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிறகு முகம் ஊதியது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்தது. அதைச் சொன்னதும் என் கணவர் சேகர் மறுநாளே லீவு போட்டு வேலூருக்குக் கூட்டிப்போனார்.

லூபஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) என்றார்கள். அது என் சிறுநீரகங்களைப் பிடித்திருந்தது. பயாப்ஸி (ஊசியால் துளி சதையெடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வந்ததும் டாக்டர் அம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இது முழுசா போற நோய் இல்லம்மா. அடக்கி வைக்கலாம். மருந்து கொஞ்சம் கடுமையா இருக்கும்."

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் டிரிப்பில் மருந்து ஏற்ற வேண்டும். முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும் என்று விளக்கினார். எல்லாம் வந்தன. இதே வழியில் நடக்கிற உங்களுக்கு அதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சேகர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குகிற இடத்தில் அவருக்கு வேலை. அந்த வாடை எத்தனை குளித்தாலும் போகாது. நான் திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் குமட்டத்தான் செய்தது. பிறகு பழகியது, அதன்பின் பிடித்தும் போனது. பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்ற சேதி.

முதல் டிரிப் அன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் ஷிப்ட் முடிந்த கையோடு, சட்டைகூட மாற்றாமல், ரயிலேறி வந்து சேர்ந்தார். மருந்து இறங்கி முடிகிற வரைக்கும் என் தலைமாட்டை விட்டு நகரவில்லை. குமட்டல் வந்தபோதெல்லாம் அவருடைய சட்டைக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அந்த நாளின் ஒரே ஆறுதல் அதுதான்.

அதற்குப் பிறகு, மாலையில் அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே எனக்கு வாயில் தண்ணீர் ஊறி வயிறு புரட்ட ஆரம்பித்தது. அவர் உள்ளே வந்தால் வாந்தி. அவர் வெளியே போய்விட்டால் கஞ்சி இறங்கும். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஒருநாள் அவரே கேட்டார்.

"நானா, கீதா?"

"சேச்சே. மாத்திரைச் சூடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் குளியலறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். "சரி உடு, நீ மறைச்சாலும் வயிறு சொல்லிடுது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றது.

அன்றிலிருந்து தோல் ஷாப்பிலேயே குளித்துவிட்டு வந்தார். எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்தார். வேலைத் துணிகளைப் பையில் கட்டிக் கொல்லைப்புறத்தில் வைத்தார். முன்னறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டு, உள்ளறையில் இருக்கும் எனக்குப் போன் செய்வார்.

"இன்னா மேடம், சாப்ட்டாச்சா?"

"ராங் நம்பருங்க."

"குரல் நல்லா கீதே, வெச்சிடாதீங்க."

எங்கள் மகள் திவ்யா இரண்டு அறைக்கும் நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வாள். காதலிக்காமல் கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அந்தக் குறை அப்படித் தீர்ந்தது என்று நினைத்துச் சிரித்தேன். போனை வைத்ததும் அழுதேன்.

கடைசியில் திவ்யாதான் டாக்டரிடம் போட்டு உடைத்தாள். டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மருந்து ஏறி வயிறு புரட்டுறப்போ பக்கத்துல என்ன வாசனை இருந்துச்சோ, அதையும் சேர்த்து விஷம்னு மூளை பிடிச்சுக்கும்மா. அதுக்குத்தான் டிரிப் போடற அன்னிக்குப் பிடிச்ச சாப்பாட்ட சாப்பிடாதீங்கன்னு சொல்றோம். அப்புறம் அத வாழ்நாள்ல தொட முடியாம போயிடும்."

பிரியாணியை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார்கள், வைத்தேன். புருஷனை ஒதுக்கி வைக்க யாருக்குத் தோன்றும்? அவர் வராமல் இருந்திருந்தால், வந்தும் ஓரமாக நின்றிருந்தால், இது நேர்ந்திருக்காது. என்மேல் பிரியமாக இருந்ததற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை இது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சேகர் ஒரு முடிவு செய்தார். இருபது வருட வேலையை விட்டுவிட்டு, வேலூர் லாங் பஜாரில் மளிகை மண்டியில் மூட்டை இறக்கப் போனார். கொத்தமல்லியும் காய்ந்த மிளகாயும் மணக்க வீடு திரும்பினார். தோல் வாடை மெல்ல மெல்ல அவர்மேலிருந்து போய்விட்டது. ஒருநாள் தைரியமாகப் பக்கத்தில் வரச் சொன்னேன். வந்தார். வயிறு புரட்டியது.

அப்போதுதான் தெரிந்தது, என் உடம்பு வாடையோடு நிற்கவில்லை. அவர் இருமல், அவர் காலடி, கன்னத்தில் இருக்கும் மச்சம், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. சேகர் வாசலுக்குப் பின்வாங்கினார். "அப்ப இன்னாத்துக்கு இந்த பேஜாரு, தெரிஞ்ச வேலைக்கே போறேன்" என்றார். மறுவாரம் தோல் ஷாப்புக்குத் திரும்பினார்.

டிரிப் நின்று நாளாகிறது. இப்போது மாத்திரைகள்தான். சிறுநீரில் புரதம் போவது நின்றுவிட்டது, முடி வளர்ந்துவிட்டது. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் அம்மா மகிழ்ந்துபோனார். "நாளாக ஆகச் சரியாகலாம்மா. கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல உட்கார்ந்து பழகுங்க" என்றார். நாளாக ஆக என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவ்வப்போது உட்கார்ந்து பார்க்கிறோம். முன்பெல்லாம் என் நாள் கம்பெனிச் சங்குக்கு ஓடியது. இப்போது அவர் இருக்கும் நேரம், இல்லாத நேரம் என்று இரண்டாகக் கிடக்கிறது. இல்லாத நேரத்தில் உடம்பு சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்தை நான் வெறுக்கிறேன்.

உங்களுக்கும் இந்த மருந்து ஏற்றப்போகிறார்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு மிகவும் வேண்டியவர் அன்று குளித்து, எந்த வாசனையும் இல்லாமல் வரட்டும். கொஞ்சம் தள்ளி உட்காரட்டும். பயமாகத்தான் இருக்கும். இருந்தாலும் தள்ளியே உட்காரட்டும்.

சென்ற ஞாயிறு மாலை திவ்யா வெளியே போயிருந்தாள். நான் முன்னறைப் பக்கம் பார்த்து, "வாங்க, வந்து கட்டில்ல உக்காருங்க" என்றேன்.

"வோணாம் கீதா."

"வாங்கன்னா வாங்க."

கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். தன் மூச்சு என்மேல் படக்கூடாது என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான்தான் நகர்ந்துபோய்க் கையைப் பிடித்தேன். சுண்ணாம்பில் வெடித்த கை. தொட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! வயிற்றிலிருந்து குமட்டல் கிளம்பியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் தாங்கினேன். என் உள்ளங்கை வேர்ப்பதை அவர் கண்டுகொண்டார். மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

"போன தடவைக்கு இன்னிக்கு ஜாஸ்தி நேரம் உக்காந்துட்டேன், இல்ல?"

வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன்.

"போதும். நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, விருந்தாளி மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.